தனவந்தரும் ஊர்க் கழகமும்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றையொன்று தொடும் எல்லையோரத்தில், வீட்டார் சம்மதியாத காதலர்கள் ஓடிவந்து விவாகம் செய்துகொள்வதற்குப் பேர்போன கிரெட்னா கிரீனை ஒட்டி, மூவாயிரம் ஜனங்கள்கூட இல்லாத கிரெட்னா என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் 1946இல் தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகம், ஸ்காட்லாந்துக்கு உரியதாயினும் இங்கிலாந்தின் கீழ்மட்ட லீகுகளிலேயே நெடுங்காலம் ஆடிக்கொண்டிருந்து, ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய கழகம் கடனால் மாண்டு ஓர் இடம் காலியான 2002ஆம் ஆண்டில்தான் ஸ்காட்டிஷ் லீகின் கடைசிப் படியில் கால் வைத்தது. அதற்குப் பின் ஆறே ஆண்டுகளில் அது மூன்று பிரிவுகளை அடுத்தடுத்து வென்று, நாட்டின் தலையாய கோப்பையின் இறுதிப் போட்டியில் ஆடி, ஐரோப்பியப் பந்தயத்திலும் கலந்துகொண்டு, உச்சப் பிரிவில் ஒரே ஒரு பருவம் தத்தளித்து, பூண்டற்றுப் போயிற்று. ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் காரணம் ஒருவரே: புரூக்ஸ் மைல்சன் என்ற தனவந்தர். சிறு கழகமொன்று தன் ஜீவனத்துக்கு ஒரே மனிதரின் பணப்பையை நம்பியிருப்பதில் உள்ள நன்மை தீமைகளை ஆராயப் புகுவோர்க்கு, இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் வேறில்லை.

மைல்சன் கெட்டவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பிள்ளைப் பிராயத்தில் கல்குவாரி விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து, அதிலிருந்து மீண்டு நெடுந்தூர ஓட்டக்காரராகி, பிற்காலத்தில் இன்ஷூரன்ஸ் முதலிய தொழில்களில் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், விசேஷ இருக்கையில் அமர்ந்து பந்தயம் பார்க்கும் முதலாளிகளின் வகையைச் சேர்ந்தவராக இராமல், ரசிகர்களோடு ரசிகராக நின்று பார்த்தவர். வேறு பல சிறு கழகங்களின் ரசிகர் சங்கங்களுக்கும் பண உதவி புரிந்தவர். கிரெட்னாவில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பும் என்று அவரைப்போன்ற வியாபாரி ஒருவர் எதிர்பார்த்திருக்க முடியாது. பேராசைக்காரன் கையில் அகப்பட்டு ஒரு கழகம் அழியுமானால், அதனால் நாம் அறிவதெல்லாம் பேராசை தீது என்ற பழைய சங்கதிதான். நல்லவர் ஒருவர் அபிமானத்தோடு வாரி வழங்கியும் அது அழிந்தது என்னும்போதுதான், வழங்கிய முறையையே சந்தேகிக்க நமக்கு இடமுண்டாகிறது.

முதலில் ஏற்றத்தைப் பார்ப்போம். 2004–05 பருவத்தில் கடைசிப் பிரிவில் ஆடிய 36 ஆட்டங்களில் கிரெட்னா அடித்த கோல்கள் 130. கிடைக்கக்கூடிய 108 புள்ளிகளில் பெற்றவை 98. அந்தப் பிரிவில் ஆடியவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை செய்து மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். கிரெட்னாவோ முழுநேரச் சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை அமர்த்தியிருந்தது. வைத்தியத் தொழிலும் பார்த்த கென்னி டியூக்கர் என்ற முன்கள வீரர் அந்த ஒரே பருவத்தில் ஆறு முறை ஹாட்ரிக் அடித்து, ஜிம்மி கிரீவ்ஸ் என்னும் மகா வீரரின் சாதனைக்குச் சமமாக நின்றார். அடுத்த பருவத்தில் அடுத்த பிரிவும் வசமாயிற்று. அதே 2006ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்றாம் படியிலிருந்து ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதிக்கு வந்த முதல் கழகம் என்ற பெருமையோடு, ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் ஐம்பதாயிரம் பேருக்குமேல் பார்த்திருக்க, ஹார்ட்ஸ் கழகத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சமன்செய்து, பெனால்டி உதையில் மட்டுமே தோற்றது. ஹார்ட்ஸ் ஏற்கெனவே பெரிய ஐரோப்பியப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றிருந்தமையால், யூ.ஈ.எஃப்.ஏ. கோப்பைக்குரிய இடம் தோற்றவர்களுக்குக் கிடைத்தது. 2007 ஏப்ரலில், பருவத்தின் கடைசி நாளில், ராஸ் கவுண்டி மைதானத்தில் வென்றாலன்றி இடமில்லை என்ற நிலையில், வேறொரு மைதானத்தில் செயின்ட் ஜான்ஸ்டன் கழகத்தார் தங்கள் ஆட்டத்தை வென்று பட்டம் தமதென்று எண்ணத் தொடங்கிய வேளையில், ஜேம்ஸ் கிரேடி கடைசித் தருணத்தில் அடித்த கோல் கிரெட்னாவை உச்சப் பிரிவில் ஏற்றிவிட்டது.

ஏறிய இடத்தில் நிற்பதற்கு ஊர் இல்லை. உச்சப் பிரிவில் ஆடும் கழகத்துக்கு ஆறாயிரம் இருக்கைகள் கொண்ட மைதானம் வேண்டுமென்பது விதி; கிரெட்னாவின் ரேடேல் பார்க்கிலோ அதில் பாதிக்கும் வழியில்லை. ஆதலால் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை ஆடச் சுமார் எழுபது மைல் தாண்டி மதர்வெல் நகரத்து ஃபிர் பார்க்குக்குப் போக நேர்ந்தது. ஊரார் முழுவதும் கிளம்பிப் போனாலும் அந்த மைதானத்தின் கால்பங்குகூட நிரம்பாது. அவர்கள் முழுவதும் போகவும் இல்லை. 2008 பிப்ரவரியில் மைல்சன் உடல்நலம் மிகக் குன்றிப் பண உதவியை நிறுத்தினார். மார்ச்சில் கழகம் நீதிமுறைப்படி கடன் நிர்வாகியின் கையில் ஒப்புவிக்கப்பட்டு, அதற்குத் தண்டனையாகப் பத்துப் புள்ளிகள் பிடுங்கப்பட்டன. ஏப்ரலில் இன்வர்னஸ் கழகத்தோடு ஆடிய ஆட்டத்துக்கு வந்த பார்வையாளர் 431 பேர். அந்த லீகின் சரித்திரத்திலேயே அவ்வளவு குறைந்த கூட்டம் கூடியதில்லை. பருவம் முடியும்வரை ஆட்டக்காரர்களுக்குப் படியளந்தது லீக் முன்பணமாகக் கொடுத்த தொகைதான். கடைசி ஆட்டத்தில், இரண்டாண்டுகளுக்கு முன் கோப்பையைத் தட்டிப்பறித்த அதே ஹார்ட்ஸை ஒரு கோலில் வென்றுவிட்டு, கிரெட்னா ஆட்டக்காரர்கள் வேலையிழந்து வீடு சென்றார்கள். ஆகஸ்டில் கழகம் கலைக்கப்பட்டது. நவம்பரில் மைல்சன் தமது அறுபதாம் வயதில் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே தலையை ஆட்டிவிட்டு, அகலக் கால் வைத்ததன் பலன் என்று முடித்துவிடுவார்கள். அது அவசரத் தீர்ப்பு. தனவந்தர் ஆதரவு என்னும் ஏற்பாட்டுக்குச் சாதகமாகச் சொல்லத்தக்கவை பல உண்டு. அவற்றைச் சொல்லாமல் குற்றம் மட்டும் கூறுவது திறனாய்வாகாது. சிறு கழகத்துக்குப் பணம் வருகிற வழிகள்தாம் எவை? வாயிற் டிக்கெட், மைதானத்து மதுக்கடை, குலுக்கல் சீட்டு, உள்ளூர்க் கடைக்காரர் தரும் விளம்பரப் பலகை வாடகை, மேலிடத்திலிருந்து ஒழுகிவரும் சிறு தொலைக்காட்சிப் பங்கு, எப்போதாவது ஓர் இளைஞனை விற்றுக் கிடைக்கும் தொகை. இவற்றைக் கூட்டினால் பழைய கூரையை மாற்றவும் போதாது. வங்கிக்காரன் கால்பந்துக் கழகத்துக்குக் கடன் கொடுக்க அஞ்சுகிறான். நகரசபைக்கு வேறு அவசரங்கள் இருக்கின்றன. இந்நிலையில், சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து பந்தயம் பார்த்த ஊர்ப்பிள்ளை ஒருவன் பெரும் பணக்காரனாகித் திரும்பிவந்து, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், வேண்டாமென்று சொல்லும் துணிவு எந்தக் கமிட்டிக்கு வரும்? பத்துப் பேர் கூடி ஆறு மாதம் விவாதித்துத் தீராத காரியத்தை ஒருவர் ஒரு பிற்பகலில் தீர்த்துவைக்கிறார் என்பதும் சிறிய உபகாரமன்று.

இன்னொன்றும் உண்டு. ஹாம்ப்டன் பார்க்கில் அந்த மே மாதத்துப் பிற்பகலை அனுபவித்த கிரெட்னாக்காரரிடம் போய், ‘உங்கள் கழகம் இப்படி உயராமலே கடைசிப் பிரிவில் ஐம்பது ஆண்டு பத்திரமாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்குமே’ என்று புத்தி சொல்பவர், விளையாட்டின் ருசி அறியாதவர். ஐம்பது ஆண்டு பத்திரமும் ஒரு பிற்பகல் பரவசமும் ஒரே தராசில் நிறுக்கக்கூடியவை அல்ல. நான் அந்த ஏற்றத்தைக் குறைசொல்லவில்லை. அந்த ஏற்றத்தின் செலவுக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதையே குறைசொல்லுகிறேன்.

அந்தக் கணக்கில் முதல் வரி சம்பளம். கால்பந்துக் கழகத்துக்குள் பாயும் பணத்தில் பெரும்பகுதி ஆட்டக்காரர் சம்பளமாகவே வெளியேறுகிறது. சம்பளமோ கொடுத்த கணமே தீர்ந்துபோவது, ஆனால் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட வாக்கு மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தமாக நிற்பது. தனவந்தரின் விருப்பம் ஒரு நாளில் மாறலாம், அவருடைய இருதயம் ஒரு இரவில் நின்றுபோகலாம். ஆட்டக்காரனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கெடுவோ அதனால் ஒரு நாளும் குறைவதில்லை. வருமானம் ஒரு மனிதருடைய உயிரோடும் செலவு சட்டத்தோடும் கட்டப்பட்டிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை விபரீதம். மற்றத் தீமைகள் யாவும் இதிலிருந்து கிளைப்பவை.

கிளைகளில் ஒன்று, கழகத்தின் சொந்தச் சம்பாத்திய சக்தி நாளடைவில் சூம்பிப் போவது. தனவந்தர் வருவதற்கு முன்பு, குலுக்கல் சீட்டு விற்ற முதியவர், விளம்பரப் பலகைக்காகக் கடைகடையாய் ஏறி இறங்கிய காரியதரிசி, கோடை விடுமுறையில் தாமே வேலிக்கு வர்ணம் பூசிய தொண்டர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கும். கோடிகள் வந்தபின், ஐம்பது பவுண்டு வசூலுக்காக ஒரு சனிக்கிழமையைச் செலவிடுவது அவர்களுக்கே கேலியாகத் தோன்றிவிடுகிறது. மாதாந்தரச் சந்தாவை உயர்த்தலாமா என்று கேட்டால், ‘ஐயா இருக்கும்போது நமக்கு என்ன?’ என்ற பதில் வரும். ஐயா இல்லாத நாள் வரும்போது அந்தப் பழைய தொண்டர்களில் பாதிப்பேர் உலகத்திலேயே இருப்பதில்லை. மீதிப்பேருக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. மற்றொரு கிளை, மறுத்துப் பேசுவாரின்மை. எல்லாப் பணமும் ஒருவருடையதாக இருக்கையில், நிர்வாகக் குழு என்பது அவருடைய யோசனைகளுக்குத் தலையசைக்கும் சபையாகச் சுருங்கிவிடுகிறது. கணக்குப் பிள்ளை ஒருவர் துணிந்து, ‘இந்த ஆட்டக்காரர் நமக்குக் கட்டுப்படி ஆகமாட்டார்’ என்று சொல்லுவாராயின், கட்டுப்படியாகாத அந்தத் தொகையைக் கட்டப்போகிறவரே எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்!

விதிகளை இயற்றியவர்களும் இந்தப் பிரமைக்குத் துணைபோனார்கள் என்பதைக் குறிப்பிடாமல் விடக்கூடாது. இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்குமேல் சம்பளத்துக்குச் செலவிடலாகாது என்று லீக் ஒரு நல்ல விதி செய்தது. நான்காம் பிரிவுக்கு அந்த வரம்பு 55 சதவீதமாக இருந்தது. ஆனால் உடைமையாளர் நன்கொடையாகவோ பங்கு முதலாகவோ போடும் பணத்தையும் வருமானமாகவே கணக்கில் சேர்க்கலாம் என்று பல்லாண்டுகள் அனுமதித்திருந்தார்கள். டிக்கெட் வாங்கிய பத்தாயிரம் பேர் அடுத்த ஆண்டும் ஏறக்குறைய வருவார்கள் என்று நம்பலாம். கொடை கொடுத்த ஒருவர் அடுத்த ஆண்டும் கொடுப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நோய்க்கு எதிராக எழுதிய மருந்துச் சீட்டில் நோயையே மருந்தாகச் சேர்த்தது போலாயிற்று.

தனவந்தரின் உடல்நலத்தோடு அவருடைய தொழிலின் நலமும் சேர்த்து எண்ணவேண்டியது. நார்தாம்ப்டன்ஷயரில் டாக்டர் மார்ட்டென்ஸ் என்ற உலகப் பிரசித்தி பெற்ற பூட்ஸ் தயாரித்த குடும்பத்தின் மாக்ஸ் கிரிக்ஸ், அண்டை ஊர்களான ரஷ்டன், இர்த்லிங்பரோ இரண்டின் கழகங்களையும் 1992இல் ஒன்றாக இணைத்து, ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ் என்ற புதுக் கழகத்தை உண்டாக்கி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்க்கத்தக்க நீன் பார்க் மைதானத்தைக் கட்டிக்கொடுத்தார். 1999இல் லீட்ஸ் யுனைட்டெட் அங்கே வந்து கோலின்றிச் சமன்செய்து திரும்பியது. 2001இல் கழகம் லீகுக்குள் நுழைந்தது. 2003இல் தன் பிரிவின் பட்டத்தையும் வென்றது. அதே 2003ஆம் ஆண்டில்தான் பூட்ஸ் வியாபாரம் தளர்ந்து, தயாரிப்பின் பெரும்பகுதி சீனத்துக்குப் பெயர்க்கப்பட்டது. தொழிற்சாலை ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது ஆட்டக்காரர் சம்பளம் மட்டும் எத்தனை நாள் செல்லும்? 2005இல் கிரிக்ஸ் ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்குக் கழகத்தை ரசிகர் அமைப்பிடம் ஒப்படைத்து விலகினார். வஞ்சகமின்றி விலகினார் என்றே சொல்லவேண்டும். ஆயினும் அடுத்த ஆண்டே லீகிலிருந்து இறங்கிய கழகம், 2011இல் கடன் தாளாமல் மறைந்தது. மைதானமும் 2017இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதைவிட வேடிக்கை, அக்கழகம் மறைந்த உடனே காலியான அந்த நேர்த்தியான மைதானத்துக்கு ஆசைப்பட்டுக் குடிபோன பக்கத்து ஊர் கெட்டரிங் டவுன் கழகம், அதன் பராமரிப்புச் செலவு தாங்காமல் அடுத்த ஆண்டே வெளியேறியதுதான்.

நம் தேசத்திலும் இது நடந்திருக்கிறது. முதலாவது தேசிய கால்பந்து லீகை 1996–97இல் வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. ஒரு ஜவுளி ஆலையின் குழந்தை; 2011இல் அதை மூடினார்கள். அதற்கு முந்திய ஆண்டே மஹிந்திரா யுனைட்டெட் நிறுத்தப்பட்டது. வளர்த்தவர் தனிமனிதராகாமல் கம்பெனியாக இருந்தமையால் நிலைமை சற்றும் வேறுபடவில்லை.

சம்பளத்தில் கரைந்துபோகாமல் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் நிலைக்கும் கொடை நல்லதல்லவா என்று வாசகர் கேட்கலாம். நீன் பார்க் கதையே அதற்குப் பாதி விடை. மீதி விடை இங்கிலாந்தின் டார்லிங்டனில் இருக்கிறது. இளமையில் இரும்புப் பெட்டி உடைத்துச் சிறை சென்று, பின்னர் சமையலறை மேடைப் பலகைகள் செய்து செல்வரான ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவர், 1999இல் அவ்வூர்க் கழகத்தின் கடன்களைத் தீர்த்து அதை வாங்கி, ஏதோ சில ஆயிரம் பேரே பார்க்கவரும் கடைசிப் பிரிவுக் கழகத்துக்கு 25,000 இருக்கைகள் கொண்ட மைதானம் ஒன்றை எழுப்பி, அதற்குத் தம் பெயரையே சூட்டினார். 2003இல் அது திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கழகம் கடன் நிர்வாகியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் போனபின்னும் அந்த மைதானம் இருந்தது. விளக்குக்கும் வெப்பத்துக்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவு இருந்தது. பத்தில் ஒன்பது நாற்காலிகள் காலியாக இருந்தன. 2012இல் கழகமே அதைவிட்டு வெளியேறிப் பக்கத்து ஊரில் ஒண்டுக்குடியிருந்தது. கொடையாளியின் மனத்திலிருக்கும் கழகத்துக்காகக் கட்டிய கட்டடத்தில், மண்மீதிருக்கும் கழகம் குடியிருக்க முடியவில்லை.

கிரெட்னாவும் ரஷ்டனும் அன்பால் கெட்டன என்றால், பரி கழகத்தின் சங்கதி வேறு. தனவந்தரை நம்பியிருக்கும் பழக்கம் ஊறிப்போன கழகம், ஒருவர் கைவிட்டதும் அடுத்தவரைத் தேடுகிறது. அடுத்தவர் யாராயிருந்தாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. 1885இல் தோன்றி, 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற (இரண்டாம் முறை டார்பி கவுண்டியை ஆறு கோல் வித்தியாசத்தில்) அந்தப் பழம்பெரும் கழகம், தன் உடைமையாளரின் கட்டடத் தொழில் நொடித்த சமயத்தில், மைதானம் அடமானத்தில் கிடக்க, 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவருக்கு ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. புதியவரிடம் கழகத்தை நடத்தப் போதிய பணம் உண்டா என்பதற்கான சான்றை முன்கூட்டியே பெற்றுத்தான் உரிமையை மாற்றவேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. சம்பளம் வராத ஆட்டக்காரர்களே அந்தப் பருவத்தில் கழகத்தை மேல் பிரிவுக்கு உயர்த்திக் கொடுத்தார்கள் என்பது கால்பந்தின் விந்தைகளில் ஒன்று. 2019 ஆகஸ்டு 27ஆம் நாள், கழகம் வேறொருவர் கைக்குப் போய்ப் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையில், நூற்றுக்கணக்கான ரசிகர்கள் கிக் லேன் மைதானத்துக்கு வாளியும் துடைப்பமுமாக வந்து, வரவிருக்கும் ஆட்டத்துக்காக இருக்கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் அன்று பின்வாங்கினார்கள். இரவு லீக் அக்கழகத்தை வெளியேற்றியது.

இந்த ஏற்பாட்டினால் கெடுவது ஆதரிக்கப்பட்ட கழகம் மட்டுமே என்று எண்ணுவதும் தவறு. ஒரு பிரிவில் ஒரு கழகத்துக்குத் தனவந்தர் வாய்த்துவிட்டால், அங்கே நடுத்தர ஆட்டக்காரனின் சம்பளம் ஏறிவிடுகிறது. வரவுக்குள் செலவு செய்து ஒழுங்காக நடந்துவரும் பக்கத்துக் கழகம், இருக்கிற ஆளைக் காப்பாற்றிக்கொள்ளவே கடன் வாங்க நேர்கிறது, வாங்காவிட்டால் கீழே இறங்குகிறது. கிரெட்னா ஏறிய ஒவ்வொரு படியிலும் சிக்கனமாக நடந்த ஒரு கழகம் தன் இடத்தை இழந்தது. அவர்களுடைய நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டுவதில்லை.

எதிர்வாதமாக ஜெர்மனியின் ஹோஃபன்ஹைமைக் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும். எஸ்.ஏ.பி. என்னும் கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டீட்மார் ஹோப், தாம் இளமையில் ஆடிய கிராமத்துக் கழகத்தைக் கைதூக்கிவிட்டு, 2008இல் நாட்டின் உச்சப் பிரிவில் சேர்த்தார். அந்தக் கிராமமும் மூவாயிரத்துச் சொச்சம் பேர் உள்ளதுதான். உறுப்பினர்களே பெரும்பான்மை வாக்குரிமை வைத்திருக்கவேண்டும் என்ற ஜெர்மானிய விதியிலிருந்து அவருக்கு விலக்களித்ததை மற்றக் கழகங்களின் ரசிகர்கள் பொறுக்கவில்லை. 2020இல் பாயர்ன் மியூனிக் ரசிகர்கள் அவரை நிந்தித்துப் பதாகை பிடித்ததால் ஆட்டம் இருமுறை நிறுத்தப்பட்டு, கடைசி நிமிஷங்களில் இரு தரப்பு ஆட்டக்காரர்களும் போட்டியிடாமல் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு நின்ற விசித்திரக் காட்சியும் நடந்தது. ஆயினும் கழகம் இன்றுவரை அந்தப் பிரிவைவிட்டு இறங்கவில்லை. காரணம், ஹோப் தம் பணத்தில் பெரும்பகுதியை இளைஞர் பயிற்சிக்கும், சுற்றுவட்டாரத்தின் ஜனத்தொகைக்கு ஏற்ப முப்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானத்துக்கும் செலவிட்டார். அங்கே பதப்பட்ட ராபர்ட்டோ ஃபிர்மினோ போன்றவர்கள் பெருந்தொகைக்கு விற்கப்பட்டார்கள். 2023இல் அவர் தமது விசேஷ வாக்குரிமையைக் கழகத்துக்கே திருப்பித் தந்தார். பிளாக்பர்ன் ரோவர்ஸைத் தம் எஃகு வியாபாரப் பணத்தால் 1995இல் இங்கிலாந்தின் சாம்பியனாக்கிய ஜாக் வாக்கரும், 2000இல் இறக்குமுன் குடும்ப டிரஸ்ட் ஒன்றின்மூலம் கழகத்துக்கு ஆதரவு தொடர வழி செய்திருந்தார். அந்த டிரஸ்ட் பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தது. அது விற்றபின் வந்த அவதிகள் தனிக் கதை.

இவர்களையும் மைல்சனையும் பிரிப்பது கொடுத்த தொகையின் அளவு என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கோயிற் கல்வெட்டுகளில், நந்தாவிளக்கு எரிக்க ஒருவன் தர்மம் செய்யும்போது, நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளை ஆயர் பொறுப்பில் விட்டு, ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதிவைக்கிறான். ஆடு சாகும், மூப்படையவும் செய்யும். ஆயினும் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்து, நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்கவேண்டியது ஏற்றுக்கொண்டவன் கடமை. கொடுத்தவன் மறுநாளே இறந்தாலும் விளக்கு எரியும். தாம் இல்லாத நாளுக்கு வேண்டிய ஏற்பாட்டைத் தம் கொடையின் முதல் செலவாக வைத்த அந்த யுக்தி, பத்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கால்பந்துத் தனவந்தர்களில் மிகச் சிலருக்கே தோன்றியிருக்கிறது. மைல்சன் கொடுத்ததெல்லாம் நெய்.

தனவந்தரே இல்லாமல் சிறு ஊர் உச்சத்தை எட்ட முடியுமா என்ற கேள்விக்கு ஸ்பெயினின் ஐபார் ஒரு விடை சொல்லிற்று. இருபத்தேழாயிரம் பேர் வாழும் அந்த பாஸ்க் தொழில் நகரத்தின் கழகம், 2014இல் கடன் ஏதுமில்லாமல் முதல் பிரிவுக்குத் தகுதி பெற்றபோது, பங்கு முதலை சுமார் 17 லட்சம் யூரோ உயர்த்தாவிட்டால் அங்கே ஆட விடமாட்டோம் என்று விதி குறுக்கே நின்றது. கழகத்தார் ஒரு பணக்காரரைத் தேடிப் போகாமல், ஒருவர் ஒரு லட்சம் யூரோவுக்குமேல் வாங்கக்கூடாது என்று வரம்பு வைத்துப் பங்குகளை உலகெங்குமுள்ள சாமானியருக்கு விற்று, கெடுவுக்குள் தொகையைத் திரட்டினார்கள். ஏழு பருவங்கள் முதல் பிரிவில் ஆடினார்கள். 2021இல் இறங்கினார்கள்; இறங்கினாலும் கழகம் இருக்கிறது. இம்மாதிரி எல்லா ஊராலும் முடியும் என்று நான் வாதிக்க மாட்டேன். ஸ்பெயினின் தொலைக்காட்சிப் பணமும், அந்த வருஷத்தில் ஐபாருக்குக் கிடைத்த உலகப் பிரசித்தியும் வேறெவர்க்கும் எளிதில் வாய்ப்பவை அல்ல.

ஆகவே தனவந்தரை வாயிலிலேயே திருப்பியனுப்புமாறு சிறு கழகங்களுக்கு உபதேசிப்பதில் பயனில்லை. வருபவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டு உள்ளே விடவேண்டும். அவர் தரும் பணம் கடனா, பங்கா, தானமா என்பதை எழுத்தில் வாங்கவேண்டும். கடனென்றால் அவருடைய வாரிசு ஒருநாள் வட்டியோடு கேட்பான். மைதானத்தின் பத்திரம் கழகத்தைவிட்டுப் பிரிந்து அவருடைய வேறொரு கம்பெனியின் பெயருக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். ஆட்டக்காரர்களோடு செய்த ஒப்பந்தங்களின் மிச்சக் கெடு முழுவதற்குமான தொகையை, அவர் தொடமுடியாத வங்கிக் கணக்கில் முன்னதாகவே கட்டச் சொல்லவேண்டும். உண்மையான அபிமானி இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்; கோபித்துக்கொள்பவரை அப்போதே அறிந்துகொண்டது லாபம்.

ரசிகர்கள் கேட்கத் தவறியதை இனிச் சட்டம் கேட்கும் என்று இங்கிலாந்தில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பரி கழகத்தின் வீழ்ச்சியால் உண்டான கிளர்ச்சியும், டிரேசி கிரவுச் தலைமையில் 2021இல் நடந்த விசாரணையும் முதிர்ந்து, 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று கழகங்களுக்கு உரிமம் வழங்கும், புது உடைமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கும், மைதானத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் அதன் அனுமதி வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் ஆட்சி இங்கிலாந்துப் பந்தய அமைப்பின் மேல் ஐந்து படிகளோடு நின்றுவிடுகிறது. மாக்ஸ் கிரிக்ஸ் 1992இல் ரஷ்டன் கழகத்தைக் கையில் எடுத்தபோது அது ஐந்தாம் படிக்கும் கீழே கிடந்தது. கிரெட்னா ஸ்காட்லாந்தில் இருக்கிறது. இன்னொரு கிரிக்ஸோ இன்னொரு மைல்சனோ நாளைக்கு இம்மாதிரி ஒரு கழகத்தின் வாயிலில் வந்து நின்றால், அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் இச்சட்டத்தின்படி எவருக்கும் இல்லை.